மாட்டின் மீத்தேனைக் கணிக்கும் மாதிரிக்கு 0.98 மதிப்பெண்: நம்பலாமா?

தரவுப்பட்டி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். முதுகலைத் தரவு அறிவியல் படிப்பின் இறுதித் திட்டப்பணியாக, கறவை மாடு வளர்ப்பில் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களை எந்திரக் கற்றல் முறையில் கணிக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். ஈரோடு மாவட்டத்தில் எங்கள் ஊரிலும் சுற்றியுள்ள மூன்று ஊர்களிலும் 212 வீடுகளுக்கு நேரில் சென்று தகவல் திரட்டினேன். மாடுகளின் எண்ணிக்கை, இனம் (பெரும்பாலும் ஜெர்சி கலப்பினம், சில ஹெச்.எஃப். எனும் ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் கலப்பினம், கொஞ்சம் எருமை), எத்தனையாவது ஈற்று, நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்து மதிப்பிட்ட உடல் எடை, நாளொன்றுக்குப் போடும் தீவனம், சாணத்தை என்ன செய்கிறார்கள் என்ற விவரம், பால் கூட்டுறவுச் சங்கத்தில் 12 மாதங்களாக ஊற்றிய பாலின் அளவும் கொழுப்பும் ஆகியவை என்னிடம் உள்ளன. வீட்டுக்கு மாதம் ஒன்று வீதம் 2,544 வரிசைகள். பால் பூச்சியமாக இருந்த வரிசைகளில் வகுத்தல் பிழை வந்ததால் அவற்றை நீக்கிவிட்டேன்.

வாயுவை நேரடியாக அளக்கும் வசதி எங்கள் கல்லூரியில் இல்லை. ஆகவே ஐபிசிசி எனப்படும் காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவின் வழிகாட்டு நெறிகளில் உள்ள இரண்டாம் நிலைச் சமன்பாடுகளைக் கொண்டு, ஒரு லிட்டர் பாலுக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான வாயு வெளியாகிறது என்று ஒவ்வொரு வரிசைக்கும் கணக்கிட்டு, அதையே கணிக்க வேண்டிய இலக்காக வைத்தேன். தரவைக் குலுக்கி, பயிற்சிக்கு 80, சோதனைக்கு 20 என்று பிரித்து, பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட், எக்ஸ்ஜிபூஸ்ட் இரண்டையும் ஓட்டியதில், சோதனைத் தரவில் ஆர்-ஸ்கொயர் (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.98 வந்தது. வழிகாட்டிக்கு மிகுந்த மகிழ்ச்சி. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. சிறு வயதிலிருந்து மாட்டைப் பிடித்துக் கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன், இவ்வளவு சொன்னபடி கேட்கும் பிராணி அன்று அது.

இரண்டு செய்திகள் என்னை உறுத்துகின்றன. மாறிகளின் முக்கியத்துவ வரிசையில் பால் அளவு மற்றவற்றையெல்லாம் வெகுதூரம் பின்னுக்குத் தள்ளி முதலிடத்தில் நிற்கிறது. அதிகம் கறக்கும் மாடே சூழலுக்கு உகந்தது என்று தரவு நிறுவிவிட்டதாக முடிவுரையில் எழுதச் சொல்கிறார் வழிகாட்டி. மறுபுறம், நான் மூன்று மாதம் வெயிலில் அலைந்து திரட்டிய தீவன எடை கடைசி இடத்தில் கிடக்கிறது. தின்பதற்கும் ஏப்பத்திற்கும் தொடர்பே இல்லையா? ஆழ்கற்றலுக்குப் போனால் இது தெளியுமா?

மரமும் காடும் (மறுமொழி)

உங்கள் ஐயம் நியாயமானது. விடையும் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: இலக்கு நெடுவரிசை எப்படிப் பிறந்தது என்று சொன்ன வாக்கியத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள்.

இரண்டாம் நிலைச் சமன்பாடு, மாடு ஒரு நாளில் உட்கொள்ளும் மொத்த ஆற்றலை எடுத்து, அதில் மீத்தேனாக மாறும் விகிதத்தால் பெருக்கி, ஒரு கிலோ மீத்தேனின் ஆற்றலான 55.65 மெகாஜூலால் வகுக்கிறது. அந்த மொத்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? இவ்வளவு எடையுள்ள மாடு இவ்வளவு கொழுப்புள்ள பாலை இவ்வளவு கறக்க வேண்டுமானால் இவ்வளவு ஆற்றல் தேவைப்படும் என்று, தேவையிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கிலிருந்து. உடல் எடை, பால், கொழுப்பு, தீவனத்தின் செரிமான விழுக்காடு ஆகியவைதாம் அதன் உள்ளீடுகள். அவற்றையே மாதிரிக்கும் உள்ளீடாகக் கொடுத்துவிட்டு, சமன்பாட்டின் விடையைக் கணிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். ரேண்டம் ஃபாரஸ்ட் கற்றுக்கொண்டது நீங்கள் எக்செலில் எழுதிய சூத்திரத்தை. விட்டுப்போன 0.02 பெரும்பாலும், வழவழப்பாக ஓடும் ஒரு சமன்பாட்டை மரங்கள் படிக்கட்டு படிக்கட்டாக வெட்டி ஒட்டியதால் வந்த சேதாரம். தீவன எடை ஏன் கடைசியில் கிடக்கிறது என்பதும் இப்போது விளங்கும்: அந்தச் சூத்திரத்துக்குள் நீங்கள் அலைந்து திரட்டிய எடை நுழையவே இல்லை. நுழையாத ஒன்றுக்கு மாதிரி எப்படி முக்கியத்துவம் தரும்?

பால் முதலிடம் பிடித்ததில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. உங்கள் இலக்கு ஒரு வகுத்தல் ஈவு. வாயுவைப் பாலால் வகுத்திருக்கிறீர்கள். வகுத்த எண்ணையே உள்ளீட்டிலும் வைத்தால் இரண்டுக்கும் உறவு தெரிந்தே தீரும். சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மீத்தேன் நெடுவரிசையை மட்டும் தனியே எடுத்துக் குலுக்கி, எந்த வீட்டு மீத்தேன் எந்த வீட்டுக்குப் போகிறது என்றே தெரியாதபடி கலைத்துவிடுங்கள். பிறகு அந்தப் பொய் மீத்தேனை அந்தந்த வரிசையின் பாலால் வகுத்து, மாதிரியை மீண்டும் ஓட்டுங்கள். அப்போதும் பாலே முதலிடத்தில் நின்றால், நீங்கள் கண்டறிந்தது மாட்டைப் பற்றிய உண்மையா, வகுத்தலைப் பற்றிய உண்மையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

அடுத்தது, பிரித்த முறை. 212 வீடுகளின் 12 மாதங்களைக் குலுக்கிப் பிரித்தால், ஒரே வீட்டின் தை மாதம் பயிற்சியிலும் மாசி மாதம் சோதனையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மாதத்தில் அந்த வீட்டு மாடும் மாறாது, தீவனமும் மாறாது, நாடாவில் அளந்த எடையும் மாறாது. வீடு முழுவதையும் ஒரு குழுவாக வைத்துப் பிரிக்க வேண்டும். அதைவிடக் கடுமையான சோதனை, மூன்று ஊர்களில் பயிற்றுவித்து நான்காவது ஊரில் சோதிப்பது. ஆழ்கற்றலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்களிடம் இருப்பவை பெயரளவில் இரண்டாயிரத்துச் சொச்சம் வரிசைகள், உள்ளபடி 212 வீடுகள். அதற்கு, வீட்டுக்கு வீடு உள்ள வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளும் நேர்கோட்டுக் கலப்பு விளைவு மாதிரியே தாராளம்.

சூத்திரத்தின் விடையைக் கணிப்பது எப்போதுமே வீண் வேலை என்று சொல்ல வரவில்லை. அமெரிக்க வேளாண் துறையின் ஒருங்கிணைந்த பண்ணை மாதிரி போன்ற பெரிய உருவகப்படுத்தல்கள் நாள்வாரி வானிலை முதல் எரு சேமிப்பு வரை ஏராளமான உள்ளீடுகளைக் கேட்பவை. அவற்றுக்கு வேகமான ஒரு பதிலியை எந்திரக் கற்றலில் கட்டுவது முறையான வேலைதான். ஆனால் அதைப் பதிலி என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். மாட்டின் வெளியேற்றத்தை 98 விழுக்காடு துல்லியமாகக் கணித்தோம் என்று எழுதக் கூடாது.

அசைபோடுபவர் (மறுமொழி)

கால்நடை ஊட்டச்சத்துத் துறையில் பணியாற்றுபவன். மேலே நண்பர் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் தரவு அறிவியலார் எளிதில் கடந்துபோகும் ஓர் இடத்தில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது: அந்தச் சமன்பாடே எவ்வளவு தள்ளாடுகிறது என்பது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 350 கிலோ எடையுள்ள ஜெர்சி கலப்பினப் பசு நாளொன்றுக்கு 10 கிலோ உலர்பொருள் (ஈரம் நீங்கிய தீவன எடை) தின்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உலர்பொருள் கிலோவுக்கு 18.45 மெகாஜூல் என்பது வழக்கமான மதிப்பு; ஆக 184.5 மெகாஜூல். 2006-ஆம் ஆண்டு நெறிகளின்படி கறவைப் பசுவுக்கும் எருமைக்கும் மீத்தேனாக மாறும் விகிதம் 6.5 விழுக்காடு. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 215 கிராம், ஆண்டுக்கு ஏறத்தாழ 79 கிலோ மீத்தேன். இதில் பிழை எங்கே நுழைகிறது என்று பாருங்கள். அந்த 6.5-ஐக் கொடுத்த அதே நெறிகள், ஒரு புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் சொல்கின்றன. மாடு தின்றது 10 கிலோதானா, 9-ஆ, 11-ஆ என்பது உங்களுக்கும் தெரியாது, மாட்டுக்காரருக்கும் தெரியாது. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஆண்டுக் கணக்கு 60 கிலோவாகவும் ஆகலாம், 100 கிலோவாகவும் ஆகலாம். உண்மை இவ்வளவு அகலமான இடைவெளிக்குள் எங்கோ ஒளிந்திருக்கும்போது, அந்தச் சமன்பாட்டின் ஒற்றை விடையை மூன்றாம் தசமம் வரை துரத்திப் பிடிப்பதில் என்ன பயன்?

2019-இல் வந்த திருத்தத்தில் இந்த விகிதம் கறவைக்கேற்பப் பிரிக்கப்பட்டது. ஆண்டுக்கு 5,000 கிலோவுக்குக் குறைவாகக் கறக்கும் மாடுகளுக்கு அதே 6.5, நல்ல தீவனத்தில் 8,500 கிலோவுக்கு மேல் கறப்பவற்றுக்கு 5.7. நம் ஊர் மாடுகள் ஏறக்குறைய அனைத்தும் முதல் பிரிவில் அடங்கிவிடும். அப்படியானால் சோளத்தட்டை மட்டும் தின்னும் மாட்டுக்கும், பசும்புல்லோடு கலப்புத் தீவனமும் பருத்திக்கொட்டையும் தின்னும் மாட்டுக்கும் உங்கள் கணக்கில் ஒரே விகிதம்தான். நார் மிகுந்த தீவனத்தில் அசையூண் வயிற்று (தின்ற தீவனம் நொதிக்கும் முதல் இரைப்பை) நுண்ணுயிர்கள் அதிக ஹைட்ரஜனை வெளிவிடுகின்றன. மீத்தேன் ஆக்கும் உயிரிகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. மாவுச்சத்தும் எண்ணெயும் கூடினால் அந்த வழி குறுகுகிறது. இந்த வேறுபாடுதான் உள்ளபடி கணிக்கத் தகுந்தது. உங்கள் இலக்கு நெடுவரிசையில் அதுதான் இல்லை.

அப்படியென்றால் உண்மையான அளவீடு எது? மாட்டை மூடிய அறைக்குள் நிறுத்தி, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் ஒப்பிடுவது பழைய, நம்பகமான முறை. இரண்டாவது, சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடு வாயுவைச் சொட்டுச் சொட்டாகக் கசியவிடும் சிறு குழாயை அசையூண் வயிற்றுக்குள் செலுத்தி, கழுத்தில் மாட்டிய கலனில் மூச்சுக்காற்றைச் சேகரிப்பது. மீத்தேனின் பெரும்பகுதி வாய், மூக்கு வழியே ஏப்பமாகத்தான் வருகிறது என்பதால் இது சாத்தியமாகிறது. மூன்றாவது கிரீன்ஃபீட் எனப்படும் தொட்டி: குருணைத் தீவனத்துக்காக மாடு தலையை உள்ளே நீட்டும் சில நிமிடங்களில் மூச்சை அளந்துவிடும். எதுவுமே மலிவானதன்று. இந்தியாவில் பெங்களூரில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் இத்தகைய ஆய்வுகளில் நெடுங்காலமாக ஈடுபட்டு வருகிறது. ஹரித் தாரா என்ற மீத்தேன் குறைப்புத் தீவனச் சேர்மம் அங்கு உருவானதுதான்.

2018-இல் வெளியான ஒரு பன்னாட்டுத் தொகுப்பாய்வு, அளவீடு செய்யப்பட்ட தனித்தனி மாடுகளின் 5,233 பதிவுகளைத் திரட்டிச் சமன்பாடுகளை ஒப்பிட்டது. எத்தனையோ மாறிகளைச் சேர்த்த சிக்கலான சமன்பாடுகளுக்கு இணையாக, தின்ற உலர்பொருளை மட்டும், அல்லது அதோடு நார்ச்சத்தையும் கொண்ட எளிய சமன்பாடுகள் நெருங்கி வந்தன. உங்கள் கேள்விக்கு நேரடி விடை இதுதான்: தின்பதற்கும் ஏப்பத்திற்கும் உள்ள தொடர்பே எல்லாவற்றிலும் வலிமையானது. உங்கள் மாதிரி அதைக் கடைசியில் தள்ளியது என்றால் கோளாறு மாட்டிடம் இல்லை.

இங்கே ஒன்று கேட்க வேண்டும். தீவன எடையை நெடுவரிசையில் எப்படிப் பதிந்தீர்கள்? பசுந்தீவனத்தையும் காய்ந்த தட்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் போட்டிருந்தால் அதை இன்றே பிரித்துவிடுங்கள். கோ-4 என்ற தீவனப் புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்பொருள், மீதி தண்ணீர். வைக்கோலிலும் தட்டிலும் பத்தில் ஒன்பது பங்கு உலர்பொருள். 20 கிலோ புல் வெட்டிப் போடுபவர் 4 கிலோதான் போடுகிறார்; 5 கிலோ தட்டுப் போடுபவர் அவரைவிட அதிகமாகப் போடுகிறார்.

சாணத்தைப் பற்றிச் சுருக்கமாக. வெளிநாட்டுப் பண்ணைத் தரவில் பயிற்றுவித்த மாதிரிகள் இணையத்தில் கிடைக்கின்றன என்று எவரேனும் சொன்னால் எடுத்துவிடாதீர்கள். அங்கே சாணம் குழம்பாகத் தொட்டியில் தேங்கி நிற்கிறது. வெப்பமான இடத்தில் அப்படித் தேங்கினால், மீத்தேனாக மாறக்கூடியதில் 80 விழுக்காடு வரை மாறும் என்று 2006 நெறிகள் கொள்கின்றன. நம் குப்பைமேட்டில் குவித்த திடச் சாணத்துக்கு அது 5 விழுக்காடு. பசும்புல்லுக்கு இடும் உரத்தை மறந்துவிடாதீர்கள்: 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலிருந்து மண்ணில் நேரடியாக வெளியாகும் நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் ஏறத்தாழ 89 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு இணையானது. மீத்தேனைக் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையாக மாற்றும் நூறாண்டுப் பெருக்கு எண் ஐபிசிசியின் நான்காம் அறிக்கையில் 25, ஐந்தாம் அறிக்கையில் 28, ஆறாம் அறிக்கையில் உயிரிவழி மீத்தேனுக்கு ஏறத்தாழ 27. எதை எடுத்தாலும் சரி, எடுத்ததை எழுதிவையுங்கள். இரண்டு ஆய்வுகளுக்கிடையே தென்படும் வேறுபாடு சில வேளைகளில் இந்த எண்ணில்தான் இருக்கும்.

உங்கள் வழிகாட்டி சொன்னதில் உண்மை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாடு உயிரோடு நிற்பதற்கே ஒரு பங்கு தீவனம் போய்விடுகிறது. கறவை கூடக்கூட அந்தப் பங்கு அதிக லிட்டர்களில் பிரிந்துவிடும். உலக உணவு வேளாண் நிறுவன ஆய்வாளர்களின் பகுப்பாய்வில், ஆண்டுக் கறவை 2,000 கிலோவை எட்டும்வரை கிலோ பாலுக்கான வெளியேற்றம் செங்குத்தாகச் சரிந்து, அதற்குப் பிறகு சரிவு மெல்லத் தட்டையாகிறது. இந்த முடிவை அவர்கள் ஆய்வாகக் காட்டி எழுதுங்கள், உங்கள் தரவு நிறுவியதாக எழுத வேண்டாம். லிட்டருக்குக் குறைந்தால் மொத்தமும் குறையும் என்பதும் இல்லை. 2005-க்கும் 2015-க்கும் இடையே உலகப் பால்துறையில் கிலோவுக்கான வெளியேற்றம் குறைந்தது. மொத்த வெளியேற்றமோ 18 விழுக்காடு கூடியது.

சங்கத்துக் கணக்கு (மறுமொழி)

அம்மணி, எனக்கு ரேண்டம் ஃபாரஸ்டும் தெரியாது, ஆர்-ஸ்கொயரும் தெரியாது. கொங்குப் பகுதியில் ஒரு பால் சங்கத்தில் பல ஆண்டுகள் செயலராக இருந்து, நீங்கள் தரவு என்று சொல்லும் அந்தப் பேரேட்டை என் கையால் எழுதியவன். அது என்ன சொல்லும், என்ன சொல்லாது என்று மட்டும் எழுதுகிறேன்.

முதலில், பேரேட்டில் இருப்பது உறுப்பினர் எண். மாட்டின் எண் அதில் கிடையாது. ஓர் உறுப்பினர் இரண்டு பசுவும் ஓர் எருமையும் வைத்திருந்தால் மூன்றும் ஒரே கேனில்தான் வரும். கொழுப்பு 5.2 என்று காட்டினால் அது எந்த மாட்டுக் கொழுப்பு? அண்ணன் பெயரில் உள்ள அட்டையில் தம்பி வீட்டுப் பாலும் ஊற்றப்படுவது உண்டு. தம்பிக்கு அட்டை வாங்க நேரமில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருக்காது.

இரண்டாவது, ஊற்றிய பால் வேறு, கறந்த பால் வேறு. கன்றுக்கு ஒரு காம்பை விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு ஒரு சொம்பு எடுத்து வைக்கிறார்கள். மாலைப் பாலைத் தேநீர்க்கடைக்குக் கொடுப்பவர் காலைப் பாலை மட்டும் சங்கத்துக்குக் கொண்டுவருவார். கன்று ஈன்ற முதல் சில நாட்களின் சீம்பாலைச் சங்கம் வாங்காது. பொங்கலுக்கும் ஊர் நோன்பிக்கும் பேரேட்டில் பால் விழும். மாடு அன்றும் வழக்கம்போலத்தான் கறந்திருக்கும். இவற்றையெல்லாம் கழித்துவிட்டு, லிட்டருக்கு இவ்வளவு வாயு என்று வகுத்தால், வீட்டுக்குப் பால் எடுத்துக்கொள்ளும் குடும்பத்து மாடு உங்கள் கணக்கில் அதிக வாயு விடும் மாடாகத் தெரியும். குழந்தைகள் நிறைந்த வீட்டு மாட்டுக்கு இது அநியாயம் அல்லவா?

மூன்றாவதைப் படித்தபோதுதான் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. பால் பூச்சியமாக இருந்த வரிசைகளை நீக்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதங்களில் மாடு எங்கே போயிற்று? சினை ஏழு மாதம் ஆனதும் பாலை வற்றவிடுகிறோம். ஒற்றை மாடு வைத்திருக்கும் வீட்டில் ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதம் பேரேடு வெறுமையாகத்தான் இருக்கும். சினை பிடிக்காமல் ஊசிமேல் ஊசி போட்டு அலைந்த வீட்டில் அது ஆறேழு மாதமாகவும் இழுத்துவிடும். அந்த மாதங்களிலும் மாடு தட்டுத் தின்னும், அசைபோடும், ஏப்பம் விடும். கிடேரிக் கன்றைக் கணக்கில் சேர்த்தீர்களா? மூன்று ஆண்டு சோறு போட்ட பிறகுதான் அது முதல் சொட்டுப் பாலைத் தரும்.

நீங்கள் நீக்கிய வரிசைகள் எல்லா வீட்டிலும் சமமாக இருக்காது என்பதைக் கவனியுங்கள். இரண்டு மூன்று மாடு உள்ளவர் ஒன்று வற்றினால் மற்றொன்று கறக்கும்படி பார்த்துக்கொள்வார். அவர் கணக்கில் பூச்சியமே வராது. ஒற்றை மாட்டுக்காரருக்குத்தான் பூச்சியம் வரும். அவருடைய மோசமான மாதங்களை மட்டும் எடுத்து எறிந்துவிட்டு இருவரையும் ஒப்பிடுகிறீர்கள்.

தரவுப்பட்டி

மூவருக்கும் நன்றி. பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன். வெறும் நன்றியோடு வர மனமில்லாமல், சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு வருகிறேன்.

மீத்தேனைக் கலைத்துப் போட்டு ஓட்டினேன். பால் அப்போதும் முதலிடத்தில்தான் நின்றது, கூச்சமே இல்லாமல். வீட்டைக் குழுவாக வைத்துப் பிரித்தபோது 0.98 என்பது 0.91 ஆயிற்று, எங்கள் ஊரை முழுவதும் ஒதுக்கிவைத்துச் சோதித்தபோது 0.78. ஊருக்கு ஊர் தீவனம் மாறுவதால் நான் ஊகித்துக் கொடுத்த செரிமான விழுக்காடு மாறுகிறது, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சங்கத்துக் கணக்கு ஐயா சொன்னபடி மாத வரிசைகளை விட்டுவிட்டு, ஓர் ஈற்றிலிருந்து அடுத்த ஈற்று வரையான முழுக் காலத்தின் வாயுவை அந்தக் காலத்தின் மொத்தப் பாலால் வகுத்தேன். ஒற்றை மாட்டு வீடுகள் பட்டியலில் கணிசமாக இடம் மாறின. நான் சூழலுக்கு உகந்த வீடு என்று வழிகாட்டியிடம் காட்டிய ஒன்று நடுவில் போய் நிற்கிறது.

தீவனத்தில் நான் செய்திருந்தது அசைபோடுபவர் ஐயா அஞ்சிய அதே தவறுதான். பச்சையையும் காய்ந்ததையும் கூட்டி வைத்திருந்தேன். பிரித்த கையோடு, தொங்கு தராசு ஒன்றை வாங்கிக்கொண்டு எங்கள் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். ஒரு கட்டுப் புல் 20 கிலோ என்று கேள்வித்தாளில் அவர் உறுதியாகச் சொல்லியிருந்தார். காலையில் பனி ஈரத்தோடு வெட்டிய கட்டு 17 கிலோ 200 கிராம். பெரியம்மா மாலையில் வெட்டிய கட்டு 12 கிலோ 900 கிராம். இரண்டும் அந்த வீட்டில் ஒரு கட்டுதான்.

ஆகவே திட்டத்தையே மாற்றிக்கொள்ள எண்ணுகிறேன். மீத்தேனைக் கணிப்பதை விட்டுவிட்டு, 30 வீடுகளில் மாடு உள்ளபடி தின்னும் உலர்பொருளை நிறுத்து அளந்து, அதை உடல் எடை, இனம், ஈற்று, சினை மாதம், பால், பருவம் ஆகியவற்றிலிருந்து கணிக்கும் மாதிரியைக் கட்டுவேன். அதன் பிறகு மீத்தேனுக்குச் சமன்பாடுதான். ஆனால் விகிதத்தை 5.5-க்கும் 7.5-க்கும் இடையே ஆயிரம் முறை மாற்றிப் போட்டு, விடையை ஒற்றை எண்ணாகக் கொடுக்காமல் ஓர் இடைவெளியாகக் கொடுப்பேன். வழிகாட்டி முகம் சுளித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். இந்த வழி சரிதானா?

அசைபோடுபவர்

சரியான வழி. அளக்கக்கூடிய ஒன்றை இலக்காக வைத்துவிட்டீர்கள். இனி உங்கள் மதிப்பெண் 0.6 என்று வந்தாலும் அதற்குப் பொருள் உண்டு.

நிறுக்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். போட்டதை மட்டும் நிறுத்தால் போதாது. மறுநாள் காலையில் காடியில் மிஞ்சியிருப்பதையும் நிறுத்துக் கழிக்க வேண்டும். தடித்த அடித்தட்டை மாடு ஒதுக்கிவிடும், அந்த மிச்சம் சிறியதன்று. ஒரு நாள் எடை எதற்கும் உதவாது, ஒவ்வொரு வீட்டிலும் தொடர்ந்து ஏழு நாளாவது வேண்டும். பசும்புல்லில் அரைக் கிலோ மாதிரியை நறுக்கி, வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் ஓரத்தில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, சில நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து நிறுத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை உலர்த்தினால் உலர்பொருள் விழுக்காடு கிடைத்துவிடும். உங்கள் பெரியப்பா வீட்டின் இரண்டு கட்டுகளுக்கும் இதைத் தனித்தனியே செய்யுங்கள். பனி ஈரம் போனால் இடைவெளி கொஞ்சம் சுருங்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

மரமும் காடும்

ஒரே ஒரு சேர்க்கை. 30 வீடுகளை வசதிப்படி தேர்ந்தெடுக்காதீர்கள். 20 லிட்டர் கறக்கும் ஹெச்.எஃப். மாடு பயிற்சித் தரவில் இல்லாவிட்டால், அது எவ்வளவு தின்னும் என்று கேட்டால் மர வகை மாதிரிகள் தாம் கண்ட மிகப் பெரிய மாட்டின் அளவிலேயே நின்றுவிடும். வற்றிய மாடு, எருமை, பெருங்கறவை என மூன்று பக்க ஓரங்களும் அந்த முப்பதுக்குள் வர வேண்டும்.

சங்கத்துக் கணக்கு

ஏழு நாளையும் ஒரே மாட்டில்தான் நிறுத்தோம் என்று காதுத் தோட்டின் 12 இலக்க எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், அம்மணி. வியாழக்கிழமை கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை. புதன் மாலையில் நீங்கள் நிறுத்துவிட்டு வந்த மாடு வெள்ளிக்கிழமை காலையில் அதே கட்டுத்தறியில் நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வேறொரு மாடு நின்றாலும் கேட்டால்தான் சொல்வார்கள்.